ப்ராசஸருக்கும் ராமுக்கும் நடுவே

சென்னை ரிச்சி தெருவிலும் அதைப் போன்ற கடைவீதிகளிலும் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கிய தலைமுறைக்கு அந்தக் காலத்துக் கொட்டேஷன் காகிதம் மறந்திருக்காது. முதல் வரியில் ப்ராசஸர், அதன் மெகாஹெர்ட்ஸ் கணக்கோடு. அடுத்து ராம் இத்தனை எம்பி, ஹார்டு டிஸ்க் இத்தனை ஜிபி, மானிட்டர் இத்தனை அங்குலம். போர்டு என்ற வரியில் மட்டும் எண் எதுவும் அநேகமாக இருக்காது. 'ஒரிஜினல் இன்டெல்' என்றோ ஏதாவது ஒரு கம்பெனியின் பெயரோ இருக்கும். பேரம் பேசி விலை இறங்கும்போது முதலில் மாறுவதும் அந்த வரிதான். ப்ராசஸரைக் குறைத்தால் வாங்குபவருக்குத் தெரிந்துவிடும். ராமைக் குறைத்தால் மெஷினை ஆன் செய்ததுமே திரையில் தெரிந்துவிடும். போர்டு மாறினால் யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டுகளை இப்போது நினைவில் கொண்டுவந்து, அன்று படித்ததையும் பார்த்ததையும் இன்றைய நிலவரத்தோடு சேர்த்து யோசிக்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகப் படுகிறது. காசு கொடுத்து வாங்கிய ப்ராசஸரின் வேகத்தில் எவ்வளவு நம் கைக்கு வந்து சேரும் என்பதில் போர்டில் உள்ள சிப்செட்டுக்கு அன்று பெரிய பங்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. காரணம்தான் மாறிவிட்டது. அன்று சிப்செட்டால் முடியாததால் வேகம் குறைந்தது. இன்று பெரும்பாலும் அது அனுமதிக்காததால் குறைகிறது.

அன்றைய போர்டில் ப்ராசஸருக்கும் ராமுக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. நடுவில் நார்த்பிரிட்ஜ் என்ற சிப் உட்கார்ந்திருக்கும். தலையில் ஒரு சின்ன ஹீட்சிங்க் ஒட்டியிருக்கும். ப்ராசஸருக்கு ராமிலிருந்து ஒரு எண் வேண்டுமென்றால் அந்தக் கோரிக்கை முன்பக்க பஸ் வழியாக நார்த்பிரிட்ஜுக்குப் போகும். அங்கே உள்ள மெமரி கன்ட்ரோலர் அதை வரிசையில் சேர்த்து, ராமில் உரிய வரியைத் திறந்து, எண்ணை எடுத்து, அதே பஸ் வழியாகத் திருப்பி அனுப்பும். கிராபிக்ஸ் கார்டும் அதே நார்த்பிரிட்ஜைத்தான் நம்பியிருந்தது. ஹார்டு டிஸ்க், யுஎஸ்பி, ஒலி எல்லாம் சவுத்பிரிட்ஜ் என்ற இன்னொரு சிப்பின் பொறுப்பு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் சிப்செட். ஆக, எந்த வகை ராம் போடலாம், அது எந்த வேகத்தில் ஓடும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் எத்தனை சுற்றுக் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளில் ப்ராசஸருக்குக் குரலே இல்லை. சிப்செட்டைத் தேர்ந்தெடுத்தபோதே அவை முடிவாகிவிட்டன.

இதற்கு நினைவிலிருந்து எடுக்கக்கூடிய பழைய சான்று இன்டெல் 430டிஎக்ஸ். 1997இல் வந்த பென்டியம் எம்எம்எக்ஸ் காலத்துச் சிப்செட் அது. அப்போது இரண்டாம் நிலை கேஷ் ப்ராசஸருக்குள் இல்லை, போர்டின் மேல் இருந்தது. ராமின் எவ்வளவு பகுதியை அந்தக் கேஷ் கவனிக்கும் என்பது சிப்செட்டின் எல்லை. டிஎக்ஸில் அது 64 எம்பி. அதற்கு மேல் ராம் போடலாம், கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும், ஆனால் 64க்கு மேற்பட்ட பகுதிக்குக் கேஷின் உதவி கிடைக்காது. ஒவ்வொரு முறையும் ராம் வரை போய்த்தான் ஆக வேண்டும். விண்டோஸ் 95 நினைவகத்தின் மேல் முனையிலிருந்தே இடம் எடுக்கும் வழக்கம் உள்ளதாகையால், ராம் கூடுதலாகப் போட்டவரின் கம்ப்யூட்டர் சில வேலைகளில் முன்னைவிட மெதுவாக ஓடியது. செலவு செய்து வேகத்தை இழந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு வந்த 430எச்எக்ஸ், கூடுதல் டேக் ராம் இருந்தால் 512 எம்பி வரை கேஷ் செய்யக்கூடியது. புதியதும் விலை குறைந்ததுமான சிப்செட் பழையதைவிடக் குறுகலான எல்லையோடு வந்தது. 'லேட்டஸ்ட் போர்டு' என்ற சொல்லை நம்பியவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

அடுத்த ஆண்டு, 1998இல், 440பிஎக்ஸ் வந்தது. அந்தச் சிப்செட்டைப் பற்றி அன்று கம்ப்யூட்டர் ஆர்வம் இருந்த யாரிடம் கேட்டாலும் குரலில் ஒரு மரியாதை வரும். அது 100 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை அதிகாரபூர்வமாகக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வெளிவந்த செலரான் 300ஏ ப்ராசஸர் 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் 4.5 மடங்கு ஓடி 300 மெகாஹெர்ட்ஸ் தருவது. அதைப் பிஎக்ஸ் போர்டில் வைத்து பஸ்ஸை 100 என்று மாற்றினால் 450. உள்ளே 128 கேபி கேஷ் ப்ராசஸரின் முழு வேகத்தில் ஓடியதால், அந்த 450 பல வேலைகளில் எத்தனையோ மடங்கு விலையுள்ள பென்டியம் டூவுக்கு ஈடுகொடுத்தது. அதே செலரானை 66 மெகாஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்ட 440இஎக்ஸ் போர்டில் மாட்டியவருக்கு 300தான். ப்ராசஸர் பெட்டியில் அச்சிட்டிருந்த பெயர் ஒன்று, விலை ஒன்று. போர்டைப் பொறுத்து அது இரண்டு வேறு கம்ப்யூட்டர்களாக ஆனது. பஸ்ஸை ஏற்றும்போது பிசிஐ கார்டுகளும் சேர்ந்து தாறுமாறாக ஓடாமல் இருக்க, சிப்செட்டும் போர்டின் கடிகாரச் சிப்பும் சரியான வகுத்தியைத் தர வேண்டும். 133 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியபோது பிசிஐக்கு நான்கால் வகுக்கும் வழி நல்ல பிஎக்ஸ் போர்டுகளில் இருந்தது. ஏஜிபிக்கு இல்லை. கிராபிக்ஸ் கார்டு 66க்குப் பதில் 89 மெகாஹெர்ட்ஸில் ஓடியாக வேண்டும். தாங்கும் கார்டு தாங்கியது. இரண்டு ஆண்டு கழித்து வந்த 815 அந்தக் குறையைத் தீர்த்தது; ஆனால் ராம் எல்லையை 512 எம்பி என்று வைத்தது. பிஎக்ஸில் அது 1 ஜிபி.

இந்த வரலாற்றில் நான் அதிகம் நின்று பார்க்க வேண்டிய இடம் 845. பென்டியம் ஃபோர் 2000 நவம்பரில் வந்தபோது அதற்குத் துணையாக வந்தது 850 சிப்செட்டும் ராம்பஸ் மெமரியும். ப்ராசஸரின் பஸ் 100 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட். பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு 3.2 ஜிபி. இரட்டைச் சேனலில் ஓடிய ராம்பஸ் மெமரியும் சரியாக அதே 3.2 ஜிபி தந்தது. கணக்கு ஒத்துப்போனது, விலை ஒத்துப்போகவில்லை. ராம்பஸ் மெமரி சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலையில் இருந்தது. எனவே 2001 செப்டம்பரில் இன்டெல் 845ஐக் கொண்டுவந்தது; அதில் பழைய பிசி133 எஸ்டிராம் போடலாம். பிசி133 தரக்கூடியது வினாடிக்கு 1.06 ஜிபி. மூன்று வாளி மொள்ளும் கையை ஒரு வாளி மட்டும் ஊறும் கிணற்றில் கொண்டுபோய் நிறுத்தியது போல ஆயிற்று. பென்டியம் ஃபோரின் உள்கட்டமைப்பே நீளமான பைப்லைனும் உயர்ந்த மெகாஹெர்ட்ஸும் சிறிய முதல்நிலைக் கேஷும் கொண்டது. தொடர்ந்து எண்கள் வந்துகொண்டே இருந்தால்தான் அது தன் வேகத்தைக் காட்டும். அந்த ப்ராசஸரைப் போய் மூன்றில் ஒரு பங்கு வழியில் கட்டிப்போட்டார்கள். அன்று வந்த ஒப்பீட்டுச் சோதனைகளில் ஒரே பென்டியம் ஃபோர் 845 எஸ்டிராமில் 850ஐவிடத் தெளிவாகப் பின்தங்கியது. சில மாதத்தில் டிடிஆர் மெமரி ஏற்கும் 845 வந்து 2.1 ஜிபி கிடைத்ததும் இழந்ததில் பெரும்பகுதி திரும்ப வந்தது. இதில் கவனிக்க வேண்டியது, டிடிஆர் அப்போதுதான் பிறந்த தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. ஏஎம்டி 2000இலேயே 760 சிப்செட்டில் அதைக் கொண்டுவந்துவிட்டது. பென்டியம் ஃபோருக்கு டிடிஆர் தரும் பி4எக்ஸ்266 சிப்செட்டை வியா நிறுவனம் 2001இல் வெளியிட்டபோது, உரிமம் இல்லை என்று இன்டெல் அதன்மேல் வழக்குப் போட்டது. ஆக, பின்னால் வரப்போகிற அனுமதி அரசியலின் நிழல் அன்றைக்கே விழுந்திருந்தது. நம் ஊரில் விலை காரணமாக எஸ்டிராம் 845க்குப் போனவர்கள், விளம்பரத்தில் பார்த்த பென்டியம் ஃபோரைத்தான் வாங்கினார்கள். ஆனால் விளம்பரத்தில் பார்த்த வேகம் வீட்டுக்கு வரவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அதை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ராமின் அலைவரிசை எதற்கு, ப்ராசஸரின் கேஷே பெரும்பாலான தேவையைத் தீர்த்துவிடுமே என்பது அது. உண்மைதான். நல்ல நிரல் கேட்கும் எண்களில் மிகப் பெரும்பகுதி கேஷிலேயே கிடைத்துவிடும். ஆனால் கேஷில் கிடைக்காத அந்தச் சிறு பகுதிதான் நேரத்தைத் தின்கிறது. கேஷிலிருந்து எடுக்கச் சில சுற்றுகள் போதும். ராம் வரை போனால் நூறு சுற்றுகளுக்கு மேலும் ப்ராசஸர் காத்திருக்க நேரும். ப்ராசஸரின் மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற அதே காத்திருப்பில் வீணாகும் சுற்றுகளும் ஏறும். எனவே வேகமான ப்ராசஸர் வாங்குபவருக்குத்தான் மோசமான சிப்செட் அதிகம் இழப்பைத் தரும். மேலும், போர்டிலேயே கிராபிக்ஸ் உள்ள 845ஜி போன்ற வகைகள் இங்கே ஏராளமாக விற்றன. அவற்றில் திரைக்குப் போக வேண்டிய ஒவ்வொரு புள்ளியும் அதே ராமிலிருந்துதான் வர வேண்டும். தட்டச்சு செய்பவரும் திரையைப் பார்த்துத்தான் செய்கிறார்.

ராமின் வகையே வேறு என்பதால் 845 முழுமையான சான்று ஆகாது என்று ஒருவர் சொல்லலாம். சிப்செட்டின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் ப்ராசஸரும் ராமும் ஒன்றாக இருந்து சிப்செட் மட்டும் மாறியிருக்க வேண்டும். அப்படி ஒரு சோதனை தானாகவே நடந்தது, அதே 2001இல். வியா நிறுவனம் ஏஎம்டியின் அத்லான் ப்ராசஸருக்காக கேடி266 என்ற டிடிஆர் சிப்செட்டை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஓட்டிப் பார்த்தால் ஏஎம்டி 760க்குப் பின்னால் நின்றது. சில வேலைகளில் பழைய எஸ்டிராம் போட்ட கேடி133ஏவைக்கூடத் தெளிவாகத் தாண்டவில்லை. டிடிஆர் என்பதே வெறும் விளம்பரம் என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் கேடி266ஏ வந்தது. அதே சாக்கெட், அதே ப்ராசஸர், அதே ராம். உள்ளே மெமரி கன்ட்ரோலரை மட்டும் திருத்தியிருந்தார்கள்: கோரிக்கைகள் நிற்கும் வரிசையை ஆழமாக்கினார்கள், ராமிலிருந்து ஒரே இழுப்பில் கொத்தாக எடுக்கும் அளவைக் கூட்டினார்கள், காத்திருப்பு அளவுகளை இறுக்கினார்கள். முன்பு பின்னால் நின்றது இப்போது 760ஐயே தாண்டியது. பெயரில் ஓர் எழுத்து கூடியது, அவ்வளவுதான் வெளியே தெரிந்த மாற்றம். இரண்டு போர்டுகளும் ஒரே கண்ணாடி அலமாரியில் சில நூறு ரூபாய் வித்தியாசத்தில் இருந்திருக்கும். அந்த ஓர் எழுத்தைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் ப்ராசஸரில் ஒரு படி மேலே போனதற்குச் சமமான பலனைப் பெற்றார். சிப்செட்டின் அமைப்பே செயல்திறன் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்று என் நினைவில் வேறு இல்லை.

கதை திரும்புகிற இடம் 2003. ஏப்ரலில் இன்டெல் 875பி சிப்செட்டை வெளியிட்டது. மே மாதம் அதன் மலிவான தம்பியாக 865பிஇ வந்தது. இரண்டுக்கும் இரட்டைச் சேனல் டிடிஆர்400, இரண்டுக்கும் 6.4 ஜிபி, பென்டியம் ஃபோரின் 800 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸுக்குச் சரியாகப் பொருந்தும் அளவு. வித்தியாசம் பிஏடி என்ற ஒரு வசதி: ப்ராசஸரிலிருந்து மெமரிக்குப் போகும் வழியில் சில காத்திருப்புச் சுற்றுகளைத் தவிர்க்கும் குறுக்குவழி. அது 875க்கு மட்டும் உரியது என்றது இன்டெல். சில வாரங்களுக்குள் தைவான் போர்டு நிறுவனங்கள் அதே குறுக்குவழியை 865 போர்டுகளிலும் பயாஸ் வழியாகத் திறந்துவிட்டன. பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொண்டன. தேறிய சிப்களைப் பிரித்தெடுத்துத்தான் 875 என்று விற்கிறோம் என்று இன்டெல் சொன்னது. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனாலும் பெருவாரியான 865 போர்டுகள் அந்தக் குறுக்குவழியில் சிக்கலின்றி ஓடின. முடியாததற்கும் அனுமதிக்காததற்கும் இடையே உள்ள கோடு முதன்முதலாக இவ்வளவு வெளிப்படையாக மங்கியது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஏஎம்டி ஆப்டெரான், அத்லான் 64 ப்ராசஸர்களில் மெமரி கன்ட்ரோலரை ப்ராசஸருக்குள்ளேயே வைத்துவிட்டது. ராமுக்குப் போகும் வழியில் நின்றிருந்த நடுவர் விலகினார். காத்திருப்பு கணிசமாகக் குறைந்தது. அதோடு, வியா போர்டா என்விடியா போர்டா என்று பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வந்த பத்திரிகைகளுக்கு எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று. ஒரே அத்லான் 64 எந்தச் சிப்செட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணையே தந்தது. இன்டெல் இதே வழிக்கு 2008 நவம்பரில் கோர் ஐ7 வழியாக வந்தது. 2009இல் வந்த பி55 போர்டில் நார்த்பிரிட்ஜ் என்ற சிப்பே இல்லை. கிராபிக்ஸ் கார்டின் பாதையும் ப்ராசஸருக்குள் போய்விட்டது. மிஞ்சியது பழைய சவுத்பிரிட்ஜின் வேலையைப் பார்க்கும் ஒற்றைச் சிப். ஆகவே இன்று 'சிப்செட் வேகத்தை மாற்றாது' என்று சொல்பவர்கள் சொல்வது பாதிக்கு மேல் சரி. ஒரே ப்ராசஸர், ஒரே ராம் வேகம், ஒரே மின்சார வரம்பு என்று மூன்றையும் சமமாக வைத்தால், விலையுயர்ந்த இசட் வகைப் போர்டும் நடுத்தர பி வகைப் போர்டும் ஒரே முடிவைத்தான் தரும். விலை அதிகம் என்பதால் போர்டு வேகம் தரும் என்று விற்பவரிடம் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மூன்றையும் சமமாக வைக்க முடியுமா என்பதை முடிவு செய்வது யார் என்று கேட்டால், பதில் மறுபடியும் போர்டிடமே போகிறது.

2011 ஜனவரியில் சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸர்களோடு வந்த இரண்டு சிப்செட்டுகளைப் பாருங்கள். பி67 போர்டில் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்யலாம், அதாவது குறித்த வேகத்துக்கு மேல் ஓட்டலாம். ஆனால் அதே ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸைப் பயன்படுத்த முடியாது. எச்67 போர்டில் கிராபிக்ஸ் வேலை செய்யும். ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. ப்ராசஸர் இரண்டிலும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாகச் செய்ய இசட்68 என்று மூன்றாவது ஒன்று அந்த மே மாதம் வந்தது. மெமரிக்கும் இதே பூட்டு வந்தது. 2018இல் பி360 போர்டில் கோர் ஐ5-8400ஐ வைத்து 3200 ராம் போட்டால், அது 2666இல்தான் ஓடும். அதே ப்ராசஸரையும் அதே ராமையும் இசட்370 போர்டுக்கு மாற்றினால் 3200இல் ஓடும். இரட்டைச் சேனலில் 42.7 ஜிபிக்கும் 51.2 ஜிபிக்கும் உள்ள வித்தியாசம். மெமரி கன்ட்ரோலர் ப்ராசஸருக்குள் இருக்கிறது. போர்டு மாறும்போது அது மாறுவதில்லை. அப்படியானால் 3200 என்பது அந்தக் கன்ட்ரோலரால் முடியாத வேகம் இல்லை. வாங்கியவருடைய ராமின் ஒரு பங்கை அவருக்கே மறுப்பதற்காகச் சிப்செட்டின் பெயர் பயன்பட்டது. 2021இல் பி560 வந்தபோது இன்டெல் இந்தப் பூட்டைத் தானாகவே திறந்துவிட்டது. அதற்குள் ஏஎம்டி பி350, பி450 போன்ற நடுத்தரப் போர்டுகளிலேயே ப்ராசஸர், மெமரி இரண்டையும் திறந்து நான்கு ஆண்டு விற்றிருந்தது. போட்டி வந்ததும் திறக்க முடிந்த ஒன்றை, தொழில்நுட்பக் காரணத்துக்காகப் பூட்டியிருந்தோம் என்று சொல்ல முடியாது.

பூட்டுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதம் இரண்டு. வசதிகளைப் பிரித்து விற்பதால்தான் மலிவான போர்டு மலிவாகக் கிடைக்கிறது என்பது ஒன்று. மலிவான போர்டில் ராமுக்குச் செல்லும் செம்புத் தடங்கள் அதிக வேகத்தைத் தாங்கும் என்று உத்தரவாதம் கொடுக்க முடியாது என்பது மற்றது. இரண்டாவதில் சாரம் உண்டு. ராம் ஸ்லாட்டுகளுக்குப் போகும் தடங்களின் நீளமும் அடுக்குகளின் எண்ணிக்கையும் உண்மையிலேயே வேகத்தைத் தீர்மானிக்கின்றன. ஆனால் அது போர்டு செய்பவரின் வேலைத்திறன் சம்பந்தப்பட்டது, சிப்செட்டின் எழுத்து சம்பந்தப்பட்டதில்லை. நான்கு அடுக்கு இசட் போர்டும் உண்டு, ஆறு அடுக்கு பி போர்டும் உண்டு. உத்தரவாதம் தர முடியாத இடத்தில், பொறுப்பு உங்களுடையது என்று சொல்லித் திறந்துவிடலாம். ஓவர்கிளாக் செய்யும் எல்லோரும் அந்தப் பொறுப்போடுதான் செய்கிறார்கள். முதல் வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து கம்ப்யூட்டர் வாங்குபவரிடமிருந்து, அவர் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்ட ப்ராசஸரின் திறனில் ஒரு பகுதியைப் பிடித்துவைப்பது மலிவு ஆகாது. ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களில் இது இன்னும் கூர்மையான விஷயம். 2017இல் வந்த முதல் தலைமுறையில் கோர்களின் இரண்டு குழுக்களை இணைக்கும் உள்வழியின் கடிகாரமே ராமின் கடிகாரத்தோடு கட்டப்பட்டிருந்தது. ராம் மெதுவாக ஓடினால் ப்ராசஸருக்குள்ளேயே ஒரு கோர் மற்றொரு கோரோடு பேசுவதும் மெதுவாகும். அங்கே 3200 ராமை 2133இல் ஓடவிட்டவர் ராமை மட்டும் இழக்கவில்லை. ராமை அதற்குரிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பி என்ற ஒரு வரியைப் பயாஸில் ஆன் செய்யாமலே வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் ஏராளம். கடையில் அசெம்பிள் செய்து கொடுக்கும்போது அதை ஆன் செய்து கொடுப்பதை வழக்கமாக்கியிருந்தால் எத்தனையோ பேருக்குச் செலவில்லாமல் வேகம் கிடைத்திருக்கும்.

ராமைவிடவும் பேசப்படாதது மின்சாரம். இன்றைய ப்ராசஸருக்கு ஒரே வேகம் என்று எதுவும் இல்லை. கோர் ஐ7-12700ஐ எடுத்துக்கொண்டால், அடிப்படை வேகம் 2.1 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.9; அடிப்படை மின்சாரம் 65 வாட், உச்சம் 180 வாட். நிறுவனம் உறுதி சொல்வது அடிப்படையை மட்டுமே. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் போர்டு எவ்வளவு மின்சாரத்தை எவ்வளவு நேரம் சூடாகாமல் தர முடியும் என்பதைப் பொறுத்தது. சாக்கெட்டின் இடப்பக்கத்தில் வரிசையாக நிற்கும் சின்னக் கறுப்புச் சதுரங்களே விஆர்எம் பகுதியின் மாஸ்ஃபெட்டுகள். 12 வோல்ட்டை ப்ராசஸருக்கு வேண்டிய ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தருபவை அவைதான். எச்610 போர்டுகள் பலவற்றில் இவற்றின் எண்ணிக்கை குறைவு, மேலே ஹீட்சிங்க் இருக்காது. சில வினாடி வேலை என்றால் தெரியாது. அரை மணி நேரம் வீடியோ ரெண்டர் செய்தால் அந்தச் சதுரங்கள் சூடேறி, போர்டு ப்ராசஸரின் மின்சாரத்தைக் குறைக்கும், கடிகாரம் படிப்படியாக இறங்கும். நம் ஊர்க் கோடையில், ஏசி இல்லாத அறையில், இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அதே 12700ஐ நல்ல விஆர்எம் உள்ள பி660 போர்டில் வைத்தவருக்கு அந்த இறக்கம் வராது. பெட்டியில் உள்ள ப்ராசஸர் பெயரை வைத்து ஒப்பிட்டால் இருவரும் ஒன்றையே வாங்கியவர்கள்.

போர்டு தாராளமாகக் கொடுப்பது எப்போதும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. ஒப்பீட்டுப் பட்டியலில் ஒரு படி மேலே வருவதற்காகப் பல போர்டுகள் மின்சார வரம்பை முழுவதுமாக எடுத்துவிட்டே தொழிற்சாலையிலிருந்து வந்தன. 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகியபோது, போர்டுகள் கூடுதலாகக் கொடுத்த எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தும்படி புதிய பயாஸ் வந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் 2024இல் தடுமாறியபோது, முதலில் போர்டுகளின் தாராள அமைப்புகளைச் சுட்டிக்காட்டினார்கள். பிறகு ப்ராசஸரே அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டு ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் தந்தார்கள். போர்டின் முடிவு வேகத்தை மட்டும் தொடவில்லை, ப்ராசஸரின் ஆயுளையும் தொட்டது. சிப்செட் என்ற ஒரு சொல்லுக்குள் பார்த்தால் இது தெரியாது. போர்டு முழுவதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

சிப்செட்டுக்கே இன்றும் மிஞ்சியிருக்கும் நேரடியான வேக விஷயம், அதற்கும் ப்ராசஸருக்கும் நடுவே உள்ள இணைப்பு. 2015இல் வந்த எச்110இல் அது ஒரு திசைக்குச் சுமார் 2 ஜிபியாகவும் இசட்170இல் சுமார் 4 ஜிபியாகவும் இருந்தது. வேகமான எஸ்எஸ்டி ஒன்றே அதை நிரப்பிவிடும். ஒரே ஒரு எஸ்எஸ்டி வைத்திருப்பவர் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை, அது ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த ஸ்லாட்டில் இருந்தால் போதும். எந்த ஸ்லாட் எதனோடு இணைகிறது என்பது போர்டின் கையேட்டில் ஒரு சின்னப் படமாக இருக்கும்.

டிடிஆர்5 வந்த பிறகு ராம் பக்கத்தில் இன்னொரு சுவாரஸ்யமான திருப்பம். ரைசன் 7000க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு ராம் குச்சிகள் போட்டால் 5200. நான்கும் நிரம்பினால் 3600. அதாவது முதலில் இரண்டு போட்டு, பிறகு காசு வரும்போது இன்னும் இரண்டு போடலாம் என்று நான்கு ஸ்லாட் போர்டைத் தேடி வாங்கியவர், அந்தக் காசு வந்த நாளில் வேகத்தை இழக்கிறார். 430டிஎக்ஸ் காலத்தில் கேஷின் எல்லை செய்ததை இப்போது சிக்னலின் எல்லை செய்கிறது. இரண்டு ஸ்லாட் மட்டுமே உள்ள போர்டில் தடங்கள் குட்டையாக இருப்பதால் உயர்ந்த ராம் வேகங்கள் சுலபமாகப் பிடிபடுகின்றன. மெமரி ஓவர்கிளாக் போட்டிகளுக்கென்றே செய்யப்படும் விலையுயர்ந்த போர்டுகளிலும் இரண்டு ஸ்லாட்தான் வைக்கிறார்கள். எனவே இன்று ஒருவர் கொட்டேஷன் கேட்டால், தேவைப்படும் ராம் முழுவதையும் முதலிலேயே இரண்டு குச்சிகளாக எழுதச் சொல்வேன். போர்டு வரியில் சிப்செட்டின் எழுத்தோடு அந்த மாடலின் முழுப் பெயரையும் எழுதச் சொல்வேன். மாடலின் பெயர் இருந்தால்தான் அதன் விஆர்எம் எப்படி, எத்தனை ஸ்லாட், ராம் எந்த வேகம் வரை என்று வாங்கும் முன்பே தேடிப் பார்க்க முடியும்.